முதற்பனிக்குக் காத்திருக்கும் குல்மார்க்



பிழைப்புக்காகப் பெருநகரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனி பார்க்கப் போகவேண்டும் என்னும் ஆவல் பெருகியிருக்கிறது. நீங்களும் அவ்வாறு எண்ணியிருந்தால், காஷ்மீரத்தின் குல்மார்க்கைக் குறித்துச் சில காரியங்களை அறிந்துகொள்வது நலம்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் விரிந்துகிடக்கும் புல்வெளி அது. குளிர்காலத்தில் அதுவே நம் தேசத்தின் புகழ்பெற்ற பனிச்சறுக்குத் தலமாக மாறுகிறது. 1998-இல் ஓடத்தொடங்கிய கோண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டிகள் உங்களைக் கொங்டூரிக்குக் கொண்டுசேர்க்கும். 2005-இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டமோ, அங்கிருந்து அப்பர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும்.

விடுமுறை டிசம்பரில் வருகிறது. பனியோ தன் காலத்தில்தான் வருகிறது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லை கலான்' என்று அழைக்கிறார்கள். அந்நாட்களில் பெய்வதே இறுகி நெடுநாள் நிற்கும். ஆயினும் 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க்கின் சரிவுகள் வெறுமையாய்க் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி போதாமையால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

அமெரிக்காவின் கொலராடோவில், யார் முதலில் திறப்பது என்று சறுக்குத் தலங்கள் அக்டோபரிலேயே போட்டியிடுகின்றன. தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் இயந்திரத்தால் பீய்ச்சி, ஓரிரு சரிவுகளில் மாத்திரம் பனியை விரித்து ஜனங்களை வரவேற்கின்றன. ஆனால் காற்று போதிய அளவு குளிராவிட்டால் அந்த இயந்திரங்களும் சும்மா நிற்கவேண்டியதுதான். உறைந்த மழையின் பண்டசாலைகளைக் குறித்துக் கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்விக்கு மனுஷனிடம் இன்றும் பதில் இல்லை.

வாசகரே, பனி தாமதித்தால் நமக்கு நஷ்டமாவது ஒரு விடுமுறை. தங்மார்க்கைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஏறிவந்து, சறுக்குவண்டி இழுத்தும், வழிகாட்டியும், சறுக்கக் கற்றுக்கொடுத்தும் பிழைப்பவர்களுக்கோ அது வீட்டு அடுப்பின் காரியம். சில வாரங்களின் வருமானம் பல மாதங்களைத் தாங்கவேண்டும். வேலை இல்லாத நாளின் பாரத்தை, ஊரைவிட்டு வந்த நாம் அறியாதவர்கள் அல்லவே! மேலும் அந்தப் பனி நம் விளையாட்டுக்காக மாத்திரம் பெய்கிறதில்லை. வசந்தத்தில் உருகி ஜீலம் நதிக்கும், ஆப்பிள் தோட்டங்களுக்கும், நெல்வயல்களுக்கும் நீராகிறது. பூமியை நனைத்து விளையப்பண்ணும் உறைந்த மழையைத் தேவ வசனத்துக்கு ஏசாயா ஒப்பிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் கூடுமானால் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பிரயாணப்படுங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் டிசம்பரில்தான் போகவேண்டியதானால், பனி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று முன்னமே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். சரிவு வெறுமையாய் இருந்தால் வண்டிக்காரர்மேல் சினங்கொள்ளாதிருங்கள்; அவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு தேவதாரு மரங்களினூடே நடந்துவாருங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் அந்த மலைக் கிராமங்களையும் நினைவுகூருங்கள். ஏற்றகாலத்தில் அங்கே பனி பெய்யும்படி கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.