பறந்தால்தான் பைசா!

சென்னை உள்நாட்டு விமான நிலையம். காலை ஏழு மணி. மதுரைக்கு ஏ.சி. ஸ்லீப்பர் பஸ்ஸைவிட சில நூறு ரூபாய்தான் அதிகம் என்று ஆசைப்பட்டு, ஒரு சிக்கன விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தேன். (கம்பெனி பெயர் வேண்டாமே!) மிச்சம் பிடித்ததில் பாதியை அங்கே விற்ற காபியும் வடையும் விழுங்கிவிட்டன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெங்களூரிலிருந்து வந்து நின்றது எங்கள் விமானம். பி.காம். படித்தவனுக்கு வேடிக்கை பார்க்கும்போதும் கணக்குதான் ஓடும். முன்வாசலில் ஒரு கூட்டம், பின்வாசலில் ஒரு கூட்டம் இறங்குகிறது. ஒரு பக்கம் பெட்டிகள், மறுபக்கம் எரிபொருள் லாரி. அரை மணியில் எங்களை அள்ளிக்கொண்டு கிளம்பியாக வேண்டும்.

இந்த அவசரத்துக்கெல்லாம் அண்ணன், அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1972-ல் பணமுடை. இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்றார்கள். ஆனால், நாலை வைத்து ஓட்டிய டைம்டேபிளை மூன்றை வைத்தே ஓட்டினார்கள். எப்படி? தரையில் நிற்கும் நேரத்தைப் பத்தே நிமிடமாகச் சுருக்கி! 2003-ல் ஏர் டெக்கான் நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததும் இந்தச் சிக்கனக் கலையைத்தான்.

பிசினஸ் கிளாஸை எடுத்துவிட்டால் ஏ-320-ல் 180 சீட் போடலாம். ஒரே ரக விமானம் என்றால் ஒரே ரக ஸ்பேர் பார்ட்ஸ், ஒரே பயிற்சி. மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் விலையில் தள்ளுபடி. இண்டிகோ 2005-ல், ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத நிலையிலேயே 100 விமானம் கேட்டது! புது விமானம் எரிபொருளும் கம்மியாகக் குடிக்கும், ஒர்க்ஷாப்புக்கும் அதிகம் போகாது. முழங்கால் இடிக்கிறதே என்கிறீர்களா? அதுவும் கணக்கில் சேர்த்ததுதான் சார்!

எல்லாம் சரி... அரை மணி தாண்டியும் கூப்பிடக் காணோமே?

எட்டிப் பார்த்தால், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு இன்ஜினீயர் சக்கரத்துப் பக்கத்தில் டார்ச்சும் கையுமாகக் குந்தியிருக்கிறார். "டயரில் வெட்டு. மாற்ற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும்" என்று அறிவிப்பு. அவ்வளவுதான், கியூ கொந்தளித்தது.

"பத்தரைக்கு முகூர்த்தங்க! நான் பொண்ணுக்குத் தாய்மாமன். காசு கம்மின்னா இப்படித்தான், ஓட்டை விமானத்த ஓட்டுவான்!" என்றார் பட்டு வேட்டிக்காரர் ஒருவர். நானும் "ஆமா சார்" போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

நிற்கிற விமானத்துக்கும் வாடகை ஓடும். 2023-ல் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி, மாற்று இன்ஜின் வராமல் ஏறக்குறைய பாதி விமானங்கள் தரையில் நின்றுவிட்டன என்று சொல்லித்தான் கையைத் தூக்கியது. அப்படியிருக்க, ஒரு மணி நேர நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றிவிடுகிறார் இந்த டார்ச்காரர். லைசென்ஸ் வாங்கிய இன்ஜினீயர் கையெழுத்துப் போடாமல், பழுது பார்த்த விமானம் கிளம்ப முடியாது. முதலாளி விரும்பினாலும் சரி, தாய்மாமன் கத்தினாலும் சரி!

இந்த இடத்தில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? 1996 மே 11. அமெரிக்காவின் சிக்கனக் கம்பெனி வேல்யூஜெட். பராமரிப்பை வெளியே காண்ட்ராக்ட் விட்டிருந்தார்கள். கழற்றிய பழைய ஆக்சிஜன் ஜெனரேட்டர்களுக்குச் சின்ன பிளாஸ்டிக் மூடிகூடப் போடாமல் சரக்கு அறையில் ஏற்றிவிட்டார்கள். மயாமியில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தீ. விமானத்தில் இருந்த 110 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே கம்பெனியின் விமானங்களை அரசு நிறுத்தியது. மறு வருடம் வேறொரு கம்பெனியோடு இணைந்து, அந்தப் பெயரே காணாமல் போனது.

சாப்பாட்டில் கை வைக்கலாம், சீட்டில் கை வைக்கலாம். சக்கரத்தில் வைத்தால் முதலே போய்விடும்!

மதுரையில் இறங்கும்போது மணி பத்து. தாய்மாமன் ஓட்டமாய் ஓடி டாக்ஸி பிடித்தார். பாவம் பார்த்து என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏறுகிற நேரத்தில் அவர் கண் டயரில் பட்டது. மொழுமொழுவென்று வழுக்கை!

"என்ன தம்பி, டயர் இப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு மாசம் தாங்கும் சார்! சொல்லுங்க, பத்தே நிமிஷத்துல மண்டபத்துல விட்டுர்றேன்!"

தாய்மாமன் என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவசரமில்லப்பா... மெதுவாவே போ!"