கோட்டை, பறவை, பாட்டு

தஞ்சை ஜில்லாவைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக மெதுவாகப் போனவர்கள். மெதுவாக இருப்பதே இந்த மண்ணின் குணம் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. திண்ணை, வெற்றிலைச் செல்லம், விடிய விடியத் தோடி. ஜானகிராமனும் சிட்டியும் காவேரியோடு கூடவே போய் எழுதிய புத்தகம் 1971இல் வந்தபோது அதன் பெயர் ‘நடந்தாய் வாழி காவேரி’. போனது பெரும்பாலும் காரில்தான் என்றாலும் புத்தகத்தின் நடை நடக்கிறவனுடைய நடை. சென்ற ஐப்பசிக் கடைசியில் நாங்கள் மூன்று பேர் போனது அப்படியல்ல. இரண்டு நாள், சுமார் 350 கிலோமீட்டர், வாடகைக் கார். ஒருவருக்குப் பறவைகள் வேண்டும். ஒருவருக்கு நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். எனக்குக் கோட்டைகள். கடலில் தாழ்வு மண்டலம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது; மழை பிடித்துக்கொள்வதற்குள் மூன்றையும் முடித்தாக வேண்டும்.

வேகத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. மெதுவாகப் போகிறவனுக்கு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், அதனதன் மரியாதையோடு தெரிகிறது. வேகமாகப் போகிறவனுக்கு ஒன்று மனத்திலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கோட்டைக்கும் நாற்றுக்கும் நடுவே நாம் வழக்கமாக விடுகிற இடைவெளி இல்லாமல் போகிறது.

தஞ்சைக் கோட்டை என்று இன்று காட்டுவதற்கு அகழியும் விட்டு விட்டுச் சுவரும் இருக்கின்றன. நாயக்கர் கட்டி, மராட்டியர் இருந்து, 1855இல் வாரிசில்லை என்று கும்பினி எடுத்துக்கொண்ட இடம். உள்ளே அரண்மனையில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று கிடக்கிறது, தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. அரசர்கள் இல்லாத அரண்மனைக்குக் கடல் அனுப்பிய கப்பம் போல. பக்கத்தில் சங்கீத மகால். அங்கே நின்றபோது ஒலிப்பதிவு நண்பருக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன்: பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி.வா.ஜ. பதிப்பித்து ‘மலையருவி’ என்ற பெயரில் 1958இல் வெளியிட்டது இதே அரண்மனையின் சரஸ்வதி மகால்தான். சேற்றில் நின்று பாடிய பாட்டு கடைசியில் கோட்டைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. வந்த வழியில் எதை எதை இறக்கி வைத்தது என்பது வேறு கேள்வி. ஆசிரியர் பெயர் இல்லாத கவிதை என்று நாம் பரவசப்படுகிறோமே, அது பெயர் கேட்காமல் எழுதிக்கொண்டதற்கு நாம் சூட்டிய அலங்காரம் என்றே எனக்குப் படுகிறது.

வடுவூரில் ஏரி நிறைந்திருந்தது. மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நிரப்புகிற ஏரி. 1999இல் சரணாலயம் ஆயிற்று, 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிற்று. அரிவாள் மூக்கன்கள், நீர்க்காகங்கள், கூழைக்கடாக்கள் கொஞ்சம். பறவை நண்பர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சத்திமுற்றப் புலவரைப் பற்றிப் பேசினார். குளிரில் மதுரையில் கிடந்தவன் தன் ஊர் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்ட பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த நாரை குமரித்துறை ஆடி வடக்கே திரும்புகிறது, அலகு பனங்கிழங்கைப் பிளந்தது மாதிரி, கால் சிவப்பு. வலசை போகிற பறவையைக் கண்ணால் பார்த்தவன்தான் இதை எழுத முடியும் என்பது அவர் வாதம். உவமையைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசும் நம் விமர்சகர்களில் ஒருவராவது அந்தப் பறவையைத் தேடிப் போனதுண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை. இருபத்தைந்து நிமிஷம். மறுபடி கார்.

மன்னார்குடி, பட்டுக்கோட்டை தாண்டிக் கடற்கரையில் மனோரா. இதைக் கோட்டை என்று சொல்வதா கோபுரம் என்று சொல்வதா தெரியவில்லை. சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு. நடுவே ஆறு பட்டையாக எட்டு நிலை. மினார் என்பதுதான் மனோரா ஆகியிருக்கிறது. இரண்டாம் சரபோஜி, நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி 1814இல் எழுப்பியது. ஆங்கிலேயரின் நண்பன், அவர்கள் தோழன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு கல்வெட்டு வைத்தான்.

இந்தக் கட்டிடத்தின் முன் நான் அதிக நேரம் நின்றேன். 1799இல் ராஜ்யத்தை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் மட்டும் தன்னுடையது என்று வைத்துக்கொண்ட ராஜா அவன். படித்தவன், ரசிகன், சரஸ்வதி மகால் இன்று இருக்கிற அளவில் இருப்பதற்கு அவனே முக்கிய காரணம். அப்பேர்ப்பட்டவன், எங்கோ ஐரோப்பாவில் இரண்டு பேர் போட்டுக்கொண்ட சண்டையில் ஒருவன் தோற்றதற்குப் பாக் ஜலசந்திக் கரையில் கோபுரம் கட்டுகிறான். அதிலும் ஒரு வேடிக்கை: கல்லில் 1814 என்று வெட்டியாயிற்று, எல்பாத் தீவிலிருந்து நெப்போலியன் 1815 பிப்ரவரியில் தப்பித்துத் திரும்பிவிட்டான். வாட்டர்லூ அதற்கப்புறம் ஜூனில்தான். கொண்டாட்டம் ஒரு வருஷம் முந்திவிட்டது. கேட்க வேண்டியவன் தூரத்தில் இருக்கிறான் என்பதற்காக உரக்கப் பேசுகிற பேச்சு எப்போதும் இப்படித்தான் முந்திக்கொள்ளும். அந்த மண்ணில் அப்போது நாற்று நட்டவர்களைப் பற்றி எந்த நிலையிலும் ஒரு எழுத்துக் கிடையாது. அதைக் கோபுரத்திடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை, முத்துப்பேட்டை, உதயமார்த்தாண்டபுரம். அங்கே நத்தைகுத்தி நாரைகள். நத்தையைத் திறப்பதற்கென்றே நடுவில் இடைவெளி விட்டுச் செய்தது போன்ற அலகு. சரணாலயத்தைவிட வெளியே வயலில்தான் அவை தாராளமாகத் தெரிந்தன. சேறடிக்கும் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாகப் போயின. முன்பு ஏர் மாட்டுக்குப் பின்னால் போனவைதான். மாட்டிலிருந்து டிராக்டருக்கு மாறியதில் கொக்குக்கு ஒரு துக்கமும் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு நாட்டார் வழக்காற்றியல் துறை இல்லாதது காரணமாக இருக்கலாம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தாளடி நடவு கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஒரு வயலில் இயந்திரம் நட்டுக்கொண்டிருந்தது. பாய் நாற்றங்காலிலிருந்து பாயாகவே சுருட்டி எடுத்து வந்த நாற்றை ஓட்டுநர் தட்டில் வைக்க, அது கடகடவென்று ஊன்றிக்கொண்டு போயிற்று. அதற்கு அடுத்த வயலில் பதினான்கு பெண்கள் கையால் நட்டார்கள். காரை நிறுத்தினோம். பேச்சு இல்லை, தண்ணீரில் கை போய் வரும் சத்தம்தான்.

ஒலிப்பதிவு நண்பர் வரப்பில் இறங்கிக் கேட்டார். ஓரத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நிமிராமலே பதில் சொன்னாள்.

“பாட்டா? யாருக்கு நேரம் இருக்கு தம்பி? மாவுக்கு இவ்வளவுன்னு பேசி எறங்கியிருக்கோம். இத முடிச்சுட்டு அந்தாண்ட வயலுக்குப் போவணும்.”

“முன்னல்லாம் பாடுவீங்களேம்மா?”

“பாடுவோம். பண்ணையில நாள் கூலி. பொழுது சாயிற மட்டும் குனிஞ்சே கெடக்கணும். பாட்டு ஓடிக்கிட்டே இருந்தா வேலையும் ஓடுதுன்னு காரியக்காரரு நெனச்சுக்குவாரு. இழுத்துப் பாடுனா கையும் அதுக்குத் தக்கனதான போவும். இடுப்பு தாங்கணும்ல?”

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். கிழவி நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே, “இப்பத் தலமாட்டுல யாரும் நிக்கல. வெரசா முடிச்சா வெரசா வூட்டுக்கு” என்றாள்.

என் தகப்பனார் மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கணக்கு எழுதினவர். எட்டு ஒன்பது வயதில் அவரோடு வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருத்தி முதலடி எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் குலவை. நடுகிறவர்கள் முன்னால் போவதில்லை, பின்னால் பின்னால் அடி வைப்பார்கள். பாட்டு மட்டும் நம்மை நோக்கி வருகிற மாதிரி இருக்கும். அப்பா நோட்டுப் புத்தகத்தில் தலை குனிந்திருப்பார். பாட்டு நின்றால் நிமிர்ந்து பார்ப்பார். மறுபடி தொடங்கினால் குனிந்துகொள்வார். பாட்டில் அவருக்கு ரசனை என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு புரிந்தது. அந்தப் பாட்டுக்குள்ளேயே வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்ததை இந்த அம்மாள்தான் எனக்குச் சொன்னாள்.

லயம் என்று நாம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம். புதுக்கவிதை யாப்பைக் கைவிட்டதும், மண்ணிலிருந்து ஒரு லயம் வேண்டும் என்று நாட்டுப்பாடலை நோக்கி ஓடினவர்கள் நம்மில் உண்டு. உழைப்பிலிருந்து பிறக்கும் லயம், கைக்கும் குரலுக்கும் இசைவு என்றெல்லாம் சித்தாந்தம் பேசினோம். இசைவு இருந்தது உண்மை. ஆனால் அது கை வேகமாகப் போவதற்காக ஏற்பட்ட இசைவு என்று நாம் எடுத்துக்கொண்டோம். காரியக்காரனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். இழுத்து இழுத்துப் பாடிய அந்த நீட்சி, நமக்கு ஏக்கமாகவும் சோகமாகவும் கேட்ட நீட்சி, ஒரு இடுப்புக்கு வாங்கிக் கொடுத்த அவகாசம். இதனால் பாட்டின் அழகு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு கூட்டம் பெண்கள் காவலுக்கு நிற்கிறவன் காது முன்னாலேயே, அவனுக்குப் பிடித்த சத்தத்தாலேயே, நேரத்தைத் திருடியிருக்கிறார்கள் என்றால் அதைவிடத் தேர்ந்த வடிவப் பிரக்ஞை எனக்குத் தெரிந்த நவீன கவிதையில் அதிகமில்லை. இன்று நேரம் அவர்களுடையது. தங்களுடையதையே திருட வேண்டிய அவசியமில்லை. பாட்டு போனதற்கு இயந்திரத்தைக் குற்றம் சொல்கிறவர்கள் பக்கத்து வயலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நண்பருக்கு இது ஒப்பவில்லை. காரணம் எதுவானாலும் போனது போனதுதானே என்றார். கொடியக்கரை போகும்வரை தகராறு. அதுவும் சரிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே தவிர, மனம் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது. முதலடி எடுத்தவளின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அடிகள் இல்லை.

கொடியக்கரையில் மறுநாள் விடியற்காலை உப்பங்கழியில் பூநாரைகள், தூரத்தில், தலைகீழாக அலகைத் தண்ணீருக்குள் வைத்துச் சலித்துக்கொண்டு. 1967இலிருந்து சரணாலயம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டியிருக்கிறார்கள். கல்கி வாசகர்கள் தேடுகிற சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் 2004 சுனாமியில் போயிற்று. வெளிமான்கள் காரைப் பார்த்தன, காரிலிருந்து நாங்களும்.

நாகப்பட்டினம் போகும் சாலையிலிருந்து மேற்கே விலகிக் கீழ்வெண்மணி போகலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் மூன்று பட்டியலிலும் இல்லாத ஊர். கூலித் தகராறின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்துபோன ஊர். ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தபோது நம் வட்டத்தில் நடந்த சர்ச்சையெல்லாம் பாத்திரத்தின் மனோதத்துவத்தைப் பற்றியது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். சட்டத்துக்கும் இந்த இரவுக்கும் நடுவே பதினாறு வருஷம். ‘இப்பத் தலமாட்டுல யாரும் நிக்கல’ என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அது சாதாரணமாவதற்கு ஆன செலவில் ஒரு பகுதி இங்கே கல்லில் பெயர் பெயராக இருக்கிறது. இந்த யாத்திரையில் நட்டவர்களின் பெயர் பொறித்த கல்லை நான் பார்த்தது இங்கே ஒன்றுதான்.

பிறகு காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி. ரகுநாத நாயக்கர் 1620இல் இடம் கொடுக்க டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க். அவர் பொன்னேட்டில் எழுதிக் கொடுத்த தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் கோட்டையையும் ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கணக்காக வந்து கணக்காகப் போனவர்கள். சரபோஜிக்குப் பிறகு இவர்களைப் பார்க்க ஒரு ஆறுதலாக இருந்தது. கடலோர வியாபாரிகள், பெருமை எதையும் கல்லில் உளறி வைக்கவில்லை.

மதில் நிழலில் உட்கார்ந்து நண்பர் முந்தின நாள் பதிவைப் போட்டார். ஆறு நிமிஷம் சொச்சம். இயந்திரத்தின் கடகடப்பு, தண்ணீர், “இந்தாண்ட ரெண்டு முடி போடு”, கிழவியின் பதில்கள், அந்தச் சிரிப்பு. பிறகு ஒரு பஸ். அதற்கப்புறம் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கானாங்கோழி, விடாமல், தெளிவாக. பறவை நண்பர் அதை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்.