கூரைக்குள் ஒரு மலை

எவர்சில்வர்ப் பாத்திரம் இல்லாத சமையலறை நம் நாட்டில் அபூர்வம். அந்தத் துருப்பிடிக்காத எஃகை 1913-ம் வருஷத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் உருவாக்கிய நகரம், இங்கிலாந்திலுள்ள ஷெப்பீல்டு. சாப்பாட்டு மேஜைக் கத்தி முதல் பீரங்கி வரையில் செய்து உலகத்துக்கு அனுப்பிய அந்த ஊரில், பழைய உலைக்கூடங்கள் பல இன்று அவிந்துவிட்டன. ஆனால் ஊருக்கு மேற்கேயுள்ள குன்றுகள் இருந்தபடியே இருக்கின்றன. ஸ்டானேஜ் என்னுமிடத்தில் சொரசொரப்பான மணற்பாறை, மைல் கணக்கில் ஒரே கோட்டை மதிலைப் போல் நீண்டு கிடக்கிறது. பாறை ஏறுவதில் பித்துக்கொண்டவர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம்.

க்ஷேத்திரம் அருகிலிருந்து என்ன பயன்? மழையும் குளிரும் மாறி மாறிக் காவல் காக்கும் தேசத்தில் தரிசனம் எளிதில் கிட்டுமா? இதற்கு ஒரு வழி கண்டவர், சுமார் 35 மைல் வடக்கேயுள்ள லீட்ஸ் சர்வகலாசாலையில் தேகப்பயிற்சி போதித்த டான் ராபின்சன். 1964-ல் அவர் ஒரு நடைவழியின் செங்கற்சுவரில் ஆங்காங்கே கற்களைப் பதித்து, அதில் ஏறிப் பழகும்படி செய்தார். மலை அன்று முதல் வீட்டுக்குள் வந்துவிட்டது! 1991-ல் ஷெப்பீல்டிலேயே 'ஃபவுண்டரி', அதாவது வார்ப்படச்சாலை, என்ற பெயருடன் ஓர் ஏறுகூடம் திறக்கப்பட்டது. இப்போது இவ்வகைக் கூடங்கள் உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் இருக்கின்றன. கட்டணம் கொடுத்தால் யாரும் ஏறலாம்.

ஷெப்பீல்டில் நாம் பார்த்த கூடமும் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடந்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் நம் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இந்த விளையாட்டில் காயம் படலாம், உயிருக்கும் அபாயம் நேரலாம், அதை அறிந்தே வந்திருக்கிறேன் என்று கையொப்பமிட வேண்டும். மங்களகரமான வரவேற்பு அல்லதான்! ஆனால் ஒளிவு மறைவில்லாத வரவேற்பு. பிறகு ரப்பர் அடியுள்ள ஒரு ஜோடிப் பாதரட்சை வாடகைக்குக் கிடைத்தது. விரல்கள் மடங்கும்படி அது இறுகப் பிடித்தால்தான் சிறு விளிம்பிலும் கால் நிற்குமாம். கை வியர்வையை உறிஞ்ச மக்னீஷியம் கார்பனேட் என்னும் வெண்பொடி ஒரு பையில் இடுப்பில் தொங்குகிறது.

சுவர்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. அவற்றில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பிசினால் வார்த்த பிடிகளைத் திருகாணியால் முடுக்கியிருக்கிறார்கள். ஒரே நிறத்துப் பிடிகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை போனால் அது ஒரு பாதை. குழந்தையும் ஏறக்கூடிய பாதை உண்டு. மல்லனும் பாதியில் நின்று விழிக்கும் பாதையும் உண்டு. சில வாரங்களுக்கொரு முறை பிடிகளைக் கழற்றி இடம் மாற்றிவிடுவதால், நேற்று வென்றவன் இன்று மறுபடியும் மாணாக்கனாகிறான்.

ஏறுகிறவருடைய இடுப்புவாரில் கயிற்றின் ஒரு நுனியை எட்டு வடிவ முடிச்சால் பிணைக்கிறார்கள். கயிறு மேலே உச்சிவரை சென்று, அங்குள்ள கொளுவியைச் சுற்றித் தரைக்கு இறங்குகிறது. அங்கே இன்னொருவர் தம் இடுப்புவாரில் மாட்டிய ஒரு சிறு கருவியின் வழியாக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலே செல்பவர் ஒரு முழம் ஏறினால் கீழே நிற்பவர் அந்தத் தளர்ச்சியை இழுத்துக்கொள்கிறார். ஏறுகிறவர் கை நழுவினால், கயிறு கருவியில் மடங்கி இறுகி அவரை அந்தரத்தில் நிறுத்திவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: கீழே இருப்பவரின் ஒரு கை எந்த க்ஷணத்திலும் கயிற்றை விட்டு அகலக் கூடாது.

நமக்குக் கயிறு பிடித்தவர் அக்கூடத்து ஆசிரியை. ஐம்பது வயதைக் கடந்த மாது. பாதிச் சுவர் ஏறியதும் நம் முழங்கால்கள் தையல் யந்திரம் போல் நடுங்கத் தொடங்கின. கீழே பார்த்தோம். "அவசரம் வேண்டாம். கயிறு என்னிடம் இருக்கிறது" என்றார் அந்த அம்மையார். பலம் நம் கைகளில் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. ஆயினும் அந்த ஒரு வார்த்தையில் நடுக்கம் அடங்கி, அடுத்த பிடி எட்டியது.

சற்று நேரத்தில் வேறொரு காட்சி கண்டோம். பன்னிரண்டு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி மிகக் கடினமான பாதையில் ஐந்தாறு முறை விழுந்தாள். கூடத்தார் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்களே தவிர, ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் திடகாத்திரமான இளைஞர் ஒருவர் நண்பருக்குக் கயிறு பிடித்தபடியே கைபேசியை எடுத்துப் பார்த்தார். உடனே ஒரு பணியாளர் ஓடிவந்து கயிற்றைத் தாம் வாங்கிக்கொண்டு, மேலிருந்தவரைப் பத்திரமாக இறக்கிய பின், அன்று அவர் கயிற்றைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். விழுவது அங்கே குற்றமன்று. விழக்கூடியவனைப் பாராதிருப்பதே குற்றம்.

அந்த இடத்தில் நம் மனம் தென்பாண்டிச் சீமையின் பனங்காடுகளை நாடிற்று. ஏறுவதற்குப் பணம் கொடுப்பவர்களை ஷெப்பீல்டில் பார்த்தோம். நம் நாட்டில் வயிற்றுக்காக ஏறுகிறார்கள். காலில் தளை, இடுப்பில் அரிவாள், மேலே சுண்ணாம்பு பூசிய கலயம். பதநீர்க் காலத்தில் அதே மரத்தில் காலையும் மாலையும். அந்தத் திறமையை எந்தக் கூடத்திலும் விலைக்கு வாங்க முடியாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலை இழிவென்றும், அதைச் செய்பவரைத் தாழ்ந்தவரென்றும் சொல்லி வந்தோம். 1978-ல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக்கினோம். மரத்துக்குக் கௌரவம் வந்தது. மரத்தில் இருக்கும் மனிதருக்கு? இன்றும் பெரும்பாலான பனையேறிகளுக்குக் காப்புக் கயிறு கிடையாது. பிடித்து நிற்க ஆளும் கிடையாது. கால் நழுவினால் ஒரு குடும்பமே கீழே விழுகிறது.

நம் குழந்தைகள் இத்தகைய சுவர்களில் ஏறிப் பழகட்டும். பெண்களும் தாராளமாக ஏறட்டும். தேகத்துக்கு உறுதியும் மனத்துக்குத் துணிவும் நிச்சயம் உண்டாகும். ஆனால் ஏறக் கற்பிக்கும் நாளிலேயே கயிறு பிடிக்கவும் கற்பித்துவிட வேண்டும். கருப்பட்டிக் காப்பி அருந்தும் ஒவ்வொரு வீடும், அந்த இனிப்புக்காக உயரத்தில் நின்றவரை ஒரு கணம் அண்ணாந்து பார்க்கட்டும். அவருக்கு நியாயமான விலை, விபத்துக் காலத்தில் உதவி, நாலு பேர் நடுவில் மரியாதை ஆகிய இவையெல்லாம் முறுக்கேறிய இழைகள். அவற்றைத் திரித்துக் கயிறாக்கிக் கையில் பிடிக்க வேண்டியவர்கள், தரையில் நிற்கும் நாம்தான்.