வலையை அறுத்தவர்

நான் படிப்பித்த பாடசாலையின் ஆண்டு மலரில் என் பெயர் போட்டு ஒரு பயணக் கட்டுரை வந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தனியாளாகக் கனூ வலித்து, நல்லதண்ணிப் பக்கம் வரை போய், அந்தி சாய்வதற்குள் திரும்பிவிட்டதாக அதில் எழுதியிருக்கிறேன். அது பொய். பாதித் தூரம்கூடப் போகவில்லை. என்னைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது இன்னொருவரின் கை. அவரைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

டொரொன்டோவிலிருந்து வந்த என் மைத்துனர், காற்றடித்து விரிக்கும் கனூ ஒன்றையும் கனடாவின் அல்கோன்குவின் பூங்காவைப் பற்றிய சில புத்தகங்களையும் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார். காடு, ஏரி, அதில் ஒற்றை மனிதன் என்று அந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் அங்கே கனூ ஏரியில் தனியே போனவர். கவிழ்ந்த தோணிதான் முதலில் கிடைத்தது, உடல் எட்டு நாள் கழித்து. அதைப் படித்தும் எனக்குப் பயம் வரவில்லை. அப்படி ஒரு தனிமை எனக்கும் வேண்டும் என்றுதான் தோன்றியது. 1893இல் பூங்கா என்று கோடு போடுவதற்கு வெகுகாலம் முன்பே அல்கோன்குவின் மக்கள் அந்த ஏரிகளில் தோணி வலித்தவர்கள். ஆளில்லாத காடு என்ற நினைப்பு அங்கேயே சரியில்லை. அதை நான் எங்கள் ஊரான மஸ்கெலியாவுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாததல்ல. மஸ்கெலியா ஓயாவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை அணை எழும்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் போயின. ஊரை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கல்லும் சுவரும் வெளியே வரும். சனம் போய்ப் பார்க்கும். எங்கள் அம்மாயி சம்பள நாளில் அந்தக் கடைத்தெருவுக்குத்தான் நடந்து போய் அரிசியும் மாவும் வாங்கினார். இத்தனையும் தெரிந்த நான், “மனிதத் தடம் படாத நீர்வெளி” என்று எழுதினேன். கட்டுரையின் முதல் பொய் அதுதான். மற்ற பொய்களுக்கு அது வழிவிட்டது.

ஓகஸ்ட் விடுமுறை அது. வீட்டில் ஹட்டனுக்குப் போவதாகச் சொன்னேன். உயிர்காப்பு அங்கி இல்லை. தனியாள் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் தோணியின் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும் என்பதும், ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்புத் தகட்டை வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளி அதை நேராக்க வேண்டும் என்பதும் புத்தகத்தில் படித்தவை. பின்முனையில் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துக்கொள்ளும், அதனால் நடுவுக்கு அருகில் முழங்காலிட வேண்டும் என்பதும் படித்ததுதான். காலையில், காற்று அசையாதபோது, எல்லாம் சரியாக வந்தது. எனக்குக் கைவந்துவிட்டது என்று நம்பினேன்.

மதியத்துக்குப் பிறகு காற்று எழுந்தது. தென்மேல் பருவக்காற்று மலை இடுக்குக்குள் நெருங்கி வரும்போது எப்படி அடிக்கும் என்பது தேயிலை மலையில் பிறந்த எனக்குத் தெரியாமலா போகும்? காற்றடைத்த தோணி தண்ணீரில் ஆழ அமராது. எவ்வளவு வலித்தாலும் அது பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போய், நீர்த்தேக்கத்தின் ஒரு கிளைக்குள் கட்டியிருந்த மீன்வலையில் மாட்டியது. துடுப்பும் கயிறும் வலைக்குள் சுற்றிக்கொண்டன. அலை பக்கத்தில் அடித்து உள்ளே தண்ணீர் ஏறியது. எனக்குச் சரியாக நீந்தத் தெரியாது. கத்தினேன்.

ஒரு சின்ன பைபர் வள்ளத்தில் அவர் வந்தார். “எந்திரிக்காதீங்க சார். கைய உள்ள வைங்க,” என்றார். வலையைப் பிரித்தெடுக்கப் பார்த்தார், முடியவில்லை. தண்ணீர் இன்னும் ஏறியது. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தன் வலையை மூன்று நான்கு இடத்தில் அறுத்தார். பிறகு என் தோணியைத் தன் வள்ளத்தோடு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். என்னைத் திட்டவில்லை. “காத்து ஏறுற நேரத்துல இப்படி வரலாமா சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“நாளைக்கு வந்து வலைக் காசைத் தாறேன் அண்ணே,” என்றேன்.

போகவில்லை.

பணம் இல்லாமல் அல்ல. என்னிடம் மாதச் சம்பளம் இருந்தது. தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அதற்கும் முந்திய காலம் அது. அவருடைய மனைவி கொழுந்தெடுத்த சம்பளத்தோடு அவர் பிடித்த மீனும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். ஒரு நைலோன் வலை போனால் என்ன போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் குடியிருந்த தோட்ட லயத்துக்குப் போனால், நான் இழுத்துவரப்பட்ட கதை அங்கே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நடந்ததில் காலைப் பொழுதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கற்பனையால் நிரப்பினேன். பிள்ளைகளுக்குத் துணிவு ஊட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீச்சல் தெரியாத ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருந்தால்? இந்தக் கேள்வி வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

அண்மையில் அவரைத் தேடிப் போனேன். மீன்பிடியை விட்டுவிட்டார். தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். வலைக் காசை நீட்டி, கட்டுரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும் சார். மக வாசிச்சுக் காட்டுனா. ஒங்க கிட்டதானே அப்ப படிச்சா.”

அவருடைய மகள் யார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அறுந்த வலையை அப்பாவோடு உட்கார்ந்து முடிந்தவள் அவள். முடிந்து சேர்க்க முடியாத பகுதிக்குப் பதிலாக ஒரு பருவம் முழுக்க இரவல் வலையில் பிடித்து, பிடித்ததில் பாதியை வலைக்குச் சொந்தக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு அவள் என் வகுப்பில் இருந்தாள். துணிவைப் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

காசை அவர் வாங்கிக்கொண்டார். மகளின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அழைத்து, மலரில் இதை எழுதித் திருத்தட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க சார்,” என்றாள். “அப்பா பேரப் போடாதீங்க. வலைய அறுத்தத மட்டும் விடாம எழுதுங்க.”