எட்டாம் நாள் வழிப்பறி

நாகர்கோவிலில் எங்கள் பாட்டி கதை சொல்ல உட்கார்ந்தால் காயங்குளம் கொச்சுண்ணி வந்துவிடுவான். பணக்காரன் வண்டியை மறிப்பான், ஏழை வீட்டில் அரிசி இறக்குவான். கோழஞ்சேரிப் பக்கம் ஒரு கோயிலில் அவனுக்கு வழிபாடே உண்டு. திருடனைக் கும்பிடுவதில் மலையாளத்தாரை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பெருமாளே வருஷம் தவறாமல் வந்து பறிகொடுத்துவிட்டுப் போகிறார்.

வைகுண்ட ஏகாதசியில் தொடங்கும் ராப்பத்துத் திருவிழாவின் எட்டாம் நாள். அன்று பரமபத வாசல் திறப்பு கிடையாது. கூட்டமெல்லாம் நாலாம் பிரகாரத்து மணல்வெளியில். நான் போனபோது மணி ஐந்து தாண்டிவிட்டது, கால் வைக்க இடமில்லை. "செத்த இப்படி வாங்கோ தம்பி, அங்கே நின்னா தூண்தான் தெரியும்" என்று ஒரு மாமி ஒதுங்கி இடம் கொடுத்தார்.

தங்கக் குதிரையில் உற்சவர் நம்பெருமாள். குதிரை நடக்கவில்லை, பாய்கிறது. முன்னே ஓடி, பின்னே வாங்கி, சட்டென்று வளைந்து மறுபடி ஓட்டம். இதற்கு வையாளி என்று பெயர். ஓடுவது வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்கள். ஒருவர் என்னருகே மூச்சு வாங்க நின்றார். தண்டு அழுத்தி அழுத்தி அவர் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொள்ளைக்காரராக இருந்து ஆழ்வாரான திருமங்கை மன்னன் எதிரே வந்து மறித்ததைக் கொஞ்சம் தவறவிட்டேன்.

சீர்காழிப் பக்கத்துக் குறையலூர்க்காரர் அவர். தினமும் 1008 வைணவருக்கு ஒரு வருஷம் சோறு போடுவதாகக் குமுதவல்லிக்கு வாக்குக் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டார். கைப்பணம் தீர்ந்ததும் வழிப்பறி. மணக்கோலத்தில் வந்த பெருமாளையும் விடவில்லை. கழலாத கால் மோதிரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. என்ன மந்திரம் போட்டாய், சொல் என்று வாளை ஓங்கினார். பெருமாள் காதில் சொன்னது நாராயண நாமத்தின் எட்டெழுத்து மந்திரம். பிறகு அவர் பாடத் தொடங்கினார், பெரிய திருமொழி மட்டுமே 1084 பாசுரம்.

அவருடைய கூட்டாளிகளின் பெயர்களை மாமி விரல் மடக்கிச் சொன்னார். நீர்மேல் நடப்பான். நிழலில் ஒதுங்குவான். ஊதினாலே பூட்டைத் திறக்கும் தாளூதுவான். வாதத்தில் தோற்காத தோலாவழக்கன். திருட்டுக் கும்பலுக்கு ஒரு வக்கீலும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

"அவர் கட்டின மதில்தான் இங்கே இருக்கு" என்ற மாமி, குரலைத் தாழ்த்தி மீதியையும் சொன்னார். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்து வந்து உருக்கித் திருப்பணி செய்தாராம். கடைசியில் கூலி கொடுக்கப் பணமில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் புதையல் இருக்கிறது என்று வேலையாட்களை ஓடத்தில் ஏற்ற, நடு ஆற்றில் கவிழ்த்துவிட்டு நீர்மேல் நடப்பான் நடந்தே திரும்பினானாம். "அவாளுக்கெல்லாம் மோட்சம் கிடைச்சுது" என்றார் மாமி.

பெருமாளைக் கொள்ளையடித்ததை ரசித்துவிடலாம். இது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மோட்சமா கேட்டார்கள், கூலியைத்தானே கேட்டார்கள்? அந்தத் தோள் காய்ப்பு வேறு கண்ணிலேயே நின்றது.

போக நினைப்பவர்கள் வைகுண்ட ஏகாதசியை முதல் நாளாக வைத்து எட்டாம் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். நாலு மணிக்கே மணல்வெளிக்குப் போய்விடுங்கள். இடம் பிடித்துத் தர எல்லோருக்கும் ஒரு மாமி கிடைக்கமாட்டார்.