கடந்த வரிகள்

கணினித் திரையின் கீழே புதிய வரியொன்று தோன்றுங்கால் மேலேயுள்ள வரியொன்று மறைகின்றது. அருகிலுள்ள கணினியாயின் சுட்டியின் சில்லை உருட்ட, மறைந்தது மீண்டும் வரும். தொலைவிலுள்ள கணினியை இங்கிருந்து இயக்குவோர்க்கே அவ்வரி எங்கே சென்றது என்பது உயிர்வினாவாகும். ஆங்கிலேயர் இவ்வரிகளுக்கு இட்ட பெயர் சுருளேட்டை நினைவூட்டுவது. எம் முன்னோர் கடிதவோலையைச் சுருட்டினர்; நூலையோ ஏடேடாக அடுக்கிக் கட்டினர். ஆதலின் அப்பெயரை மொழிபெயர்க்க முயலாது, 'கடந்த வரிகள்' என்றே இங்கு வழங்குவோம்.

1963இல் வந்த மொடல் 33 தொலைத்தட்டச்சுப் பொறியில் இத்தொல்லை இருந்ததில்லை. கணினி சொன்னதெல்லாம் தாளுருளையிற் பதிந்து கிடந்தது. திரை கொண்ட முனையங்கள் வந்தபின் நிலைமை மாறிற்று. 1978இல் வெளிவந்த வீ.ரீ. 100 காட்டியது 24 வரிகளே; அடுத்த வரி வந்ததும் முதல் வரி அழிந்தது. இன்றைய முனையச் சாளரம் அவ்வாறு அழியவிடாது தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஆயினும் அந்நினைவகம் எம் மேசையில் உள்ளது; பணி நடப்பதோ தொலைவில். எம் மேசைக் கணினி அணைந்தால் கடந்த வரிகளும் அணைந்தனவே.

எம் கல்லூரியின் பழைய மலர்களை எழுத்துருவாக்கும் பணியில் இதனை நேரிற் கண்டோம். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் கணினியொன்றை இதற்கென ஒதுக்கினார். படமாக்கிய பக்கங்கள் 2,600 அதில் இருந்தன. 1985இல் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கப்பெற்று, 2005இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட ரெஸறாக்ற் என்னும் எழுத்தறி நிரல் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தது. பக்கத்துக்கு ஒரு வரி திரையில் வந்தது. எழுத்தே காணாத பக்கம் 'வெற்றுப் பக்கம்' எனப்பட்டது. அவ்வெற்றுப் பக்கங்களே எமக்கு வேண்டியவை. அவற்றுட் பல வெற்றல்ல. மை மங்கியவை, கறை படிந்தவை. கையால் தட்டச்சிடவேண்டிய அப்பக்கங்களுக்கு அவ்வரிகளையன்றி வேறு பட்டியல் இல்லை.

நள்ளிரவில் இங்கு மின் தடைப்பட்டது. காலையில் மீள இணைந்தபோது இறுதி வரிகள் சிலவே தெரிந்தன. உடனிருந்த உயர்தர வகுப்பு மாணவன் சில்லை உருட்டினான், ஒன்றும் வரவில்லை. "எல்லாம் போய்விட்டது, ஐயா, மறுபடி ஓடவிடுவோம்" என்றான்.

போகவில்லை. அப்பழைய மாணவர் பணியை ரீமக்ஸ் என்னும் நிரலின் உள்ளே தொடக்கி வைத்திருந்தார். பொதுவாக இணைப்பு அறுந்தால் அங்கு நடக்கும் பணியும் நின்றுவிடும். 1987 முதல் வழங்கிவரும் ஸ்கிறீனும், 2007இல் தோன்றிய ரீமக்ஸும் தொலைக்கணினியிலேயே இடைநின்று, பணியையும் வரிகளையும் காத்துநிற்பன. யாம் திரும்பிச் சென்றால் அப்போதைய திரைமுகத்தை மட்டுமே அவை வரைந்து காட்டும். சில்லோ இங்குள்ள கணினியில் தேடுகின்றது, இங்கு ஏது? கன்ட்ரோல் விசையோடு பீ எழுத்தை அழுத்தி, பின்னர் திறக்கும் சதுர அடைப்புக்குறியை அழுத்தினோம். பக்கம் பக்கமாக மேலே செல்ல, இரவின் வரிகள் வந்தன. மாணவன் நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டான்.

ஆயினும் முழுதும் வரவில்லை. ரீமக்ஸ் இயல்பாகக் காப்பது 2,000 வரிகள், ஸ்கிறீனோ 100தான். முதல் அறுநூறு பக்கங்களின் வரிகள் மேலெல்லையைக் கடந்து அழிந்திருந்தன. அவையே மிகப் பழைய மலர்கள், மை மிக மங்கியவை! எஞ்சிய வரிகளை உடனே கோப்பில் எழுதுவித்தோம். தொலைக்கணினி ஒருமுறை அணைந்தெழுந்தால் அவையும் இரா. அறுநூறு பக்கங்களை மீண்டும் ஓடவிட்டபோது ரீ என்னும் கட்டளையைச் சேர்த்தோம். குழாய் பொருத்துவோர் வழங்கும் முக்கவர் மூட்டின் பெயர் அது. ஒரு கிளை திரைக்கும் மறு கிளை கோப்புக்கும் செல்லும். 2012இல் வந்த மொஷ் இணைப்பறுதலைத் தாங்குமெனப் பலர் புகழ்வர். அது காண்திரையை மட்டுமே ஒத்திசைப்பதாதலின், கடந்த வரிகளுக்கு அதனை நம்புதல் எமக்கு உடன்பாடன்று.

புதிய பட்டியலில் 'வெற்றுப் பக்கம்' எனப்பட்டவற்றுள் ஒன்று ஆசிரியர் குழுப் படம். படத்தின்கீழ் இரு வரிசைப் பெயர்கள் மங்கலாக உள்ளன. பின்வரிசையில் இருவர் பெயர்கள் மட்டும் எமக்குப் புலப்படவில்லை. அப்படம் இப்போது கல்லூரி நூல்நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது. முதிய பழைய மாணவர் எவரேனும் அவ்விருவரை அறிந்தால், பெயரை எழுதித் தந்து உதவுவாராக.