சிக்கு

என் தலையில் முடி போய் இருபது வருஷம் ஆகிறது. சீப்புக்கும் எனக்கும் உறவே அறுந்து போயிருந்தது. போன வருஷம் ஐப்பசி மழையில் என் மனைவி கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மறுபடி சீப்பைக் கையில் எடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் படுக்கை. காலைப் பார்த்தோம், தையலைப் பார்த்தோம், தலையை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் பின்னந்தலை முடி தேங்காய் நார் மாதிரி ஒரே கட்டியாகத் திரண்டு கிடக்கிறது. உதவிக்கு வந்த அம்மா, "ஒட்ட வெட்டிடலாம் சார்" என்றார். "வெட்டிடுங்க, இந்த வயசுல என்ன" என்று சொல்லிவிட்டு இவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதிலும் இடுப்புவரை இருந்த முடி. நாலு நாள் பொறு என்றேன்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவன். தபால் பையின் கட்டை நாங்கள் அவிழ்த்ததில்லை, கயிற்றை வெட்டித்தான் பழக்கம். கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "தம்பி, தண்ணிய மட்டும் ஊத்திடாத, இன்னும் இறுகிடும். தேங்காய் எண்ணெய் வச்சு ஊற விடு. நுனியில இருந்து எடு" என்றாள்.

அப்படியே செய்தேன். இளஞ்சூட்டில் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அரைமணி நேரம். சிக்குக்கு மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுப்பு மண்டைக்குப் போகாது. முதலில் விரல், பிறகு அம்மாவின் பழைய பித்தளைச் சிணுக்கோலி, கடைசியில்தான் அகலப் பல் சீப்பு. நாலு நாள் ஆறு நாளானது. ஒரு கைப்பிடி முடி போயிற்று. மீதி நின்றது.

தை மாதம் பிறந்ததும் வேறு விதமாகக் கொட்ட ஆரம்பித்தது. தலையணை முழுக்க முடி. நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பெரிய ஆபரேஷன், கடும் காய்ச்சல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது வழக்கம்தான், திரும்ப முளைக்கும் என்றார். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் முடி வளருமாம். எந்த எண்ணெயும் அதை விரட்டி வளர்க்காது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கி, அலசும்போது வரும் சேதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார். டி.வி. விளம்பரங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஈரத்தலையைத் துண்டால் படார் படார் என்று தட்டிச் சிக்கெடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அது தப்பாம். நனைந்த முடி ஊறி, ரப்பர் மாதிரி நீளும். அப்போது இழுத்தால் அறுந்துவிடும். துண்டால் ஒற்றி எடுத்து, பாதி உலர்ந்த பிறகு சீவினால் போதும். சுருட்டை முடிக்கு மட்டும் கணக்கு வேறு: ஈரம் இருக்கும்போதே அகலச் சீப்பால் எடுக்க வேண்டும். பேத்தி ஏன் உலர்ந்த தலையைச் சீவினால் அலறினாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இழுத்துப் பின்னுவதும் கூடாதாம். அக்காவுக்கு அம்மா பின்னிவிட்டால் கண் இரண்டும் மேலே ஏறி நிற்கும். நெற்றியோரம் அவளுக்கு இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் ஸ்டூலில் உட்காருகிறாள். வாரம் ஒருமுறை எண்ணெய், சீயக்காய். தளர்வாக மூன்று கால் பின்னல்; பின்னிவிட்டால் இரண்டு நாள் அதில் கை வைப்பதில்லை. வகிட்டோரம் ஒரு விரல் நீளத்துக்குப் புது முடி, நரையாகத்தான், குத்திட்டு நிற்கிறது.

"வகிடு கோணல்" என்கிறாள், கண்ணாடி பார்க்காமலே.